கூப்பிடாமல் போன ஒரு சங்கிலி

சங்கிலியின் பின்முனை என் கையில் இருந்தது. ஆறு வருஷம் அதுதான் என் வேலை. முன்முனையை இன்னொருவன் பிடித்துக்கொண்டு போவான். நான் பின்னால் போவேன். நடுவில் நூறு கண்ணி. அறுபத்தாறு அடி.

துரைமார் காலம் அது. நீலகிரி மலையில் ஊர் எல்லைகளை அளந்து படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓர் ஊர் எங்கே முடிகிறது, எஸ்டேட் எங்கே தொடங்குகிறது, தாலுகா எதுவரை போகிறது, எல்லாம் காகிதத்தில் வர வேண்டும். எனக்கு மேட்டுப்பாளையத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். இரண்டாம் வகுப்போடு நின்றவன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு இந்த வேலை கிடைத்தது. நூறு வரை தப்பில்லாமல் எண்ணத் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். எடுத்துக்கொண்டார்கள்.

எண்ணுவதுதான் வேலை. முன்னால் போகிறவன் கையில் பத்து அம்பு இருக்கும். அம்பு என்றால் ஒரு முழ நீளக் கம்பி, தலையில் வளையம், வளையத்தில் சிவப்புத் துணி. ஒரு சங்கிலி நீளம் போனதும் ஓர் அம்பைக் குத்துவான். நான் அந்த இடத்துக்கு வந்ததும் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்வேன். என் கையில் எத்தனை அம்போ அத்தனை சங்கிலி ஆயிற்று. பத்து சேர்ந்தால் அவனிடம் திருப்பிக் கொடுப்பேன், சர்வேயர் புத்தகத்தில் பத்து என்று போடுவார். ஒவ்வொரு அம்புக்கும் முன்னால் இருப்பவன் கத்துவான். பின்னால் இருந்து நானும் கத்துவேன். இரண்டு குரலும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். மலையில் ஆள் தெரியாது, குரல்தான் தெரியும். நாங்கள் இதைக் கூப்பிடுவது என்போம்.

முன்முனைக்காரன் ஊட்டி கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் வீட்டுப் பையன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. கடையில் உட்காரப் பிடிக்காமல் மலையில் திரிய வந்தவன். பேச்சு நிற்காது. நாள் முழுக்கக் கூப்பிட்டும் அவன் தொண்டை கட்டியதில்லை.

சர்வேயர் தஞ்சாவூர்ப் பக்கம். எந்நேரமும் கழுத்தில் மப்ளர். ஒரு மேட்டைக் கண்டால், ஒரு பள்ளத்தைக் கண்டால், இதற்கு என்ன பேர் என்று கேட்பார். ஊர்க்காரன் ஒரு பேர் சொல்வான், எஸ்டேட்காரன் வேறு பேர் சொல்வான். அவர் இரண்டையும் எழுதிக்கொள்வார். எனக்கு அவரிடம் பிடித்தது அதுதான். நானும் கேட்கிற ஜாதி. முதல் தடவை அவர் படத்தை விரித்தபோது குனிந்து பார்த்தேன். ஒரு மாதம் ஏறி இறங்கிய மலை என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அட்டைக்கடியும் இல்லை, மூச்சு வாங்குவதும் இல்லை. ஒரு கோடு.

"இந்தக் கோடு நெலத்துல எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"நீ நடந்த இடம்தான்யா" என்றார்.

அதற்குப் பிறகு நடக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்தது. புல் மடங்கிக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்துகொள்ளும். வேறு எதுவும் இருக்காது.

நான் சொல்ல வந்தது மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறுகிற வண்டிப் பாதையை ஒட்டிய ஓர் எல்லையைப் பற்றி. மேலே ஓர் ஊரின் மேய்ச்சல் காடு. கீழே ஒரு தேயிலை எஸ்டேட். எல்லை மலை உச்சியில் ஒரு கல்லில் தொடங்கும். முகட்டோடு நேராகக் கீழே இறங்கும். ஓரிடத்தில் இடப்பக்கம் திரும்பிச் சரிவோடு ஓடை வரை போகும். திருப்பத்துக்கு மேலே ஊர், கீழே எஸ்டேட். அந்தத் திருப்பத்தில் கல் இல்லை. எங்கே திரும்ப வேண்டும் என்பது ஊரில் சிலருக்குத்தான் தெரியும்.

திருப்பத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் இருந்தார். அன்னூர்ப் பக்கத்துக்காரர். புருஷன் வண்டிக்காரன். மலை ஏறும்போது வண்டி குடை சாய்ந்து இறந்துபோனான். திரும்பிப் போக ஊரில் யாரும் இல்லை. வண்டி சாய்ந்த இடத்துக்கு மேலே ஓர் ஊற்று இருந்தது. ஊர்க்காரர்கள் இருந்துகொள் என்றார்கள். ஒரு குடிசை, ஒரு மாட்டுக் கொட்டாய், ஒரு கல் தொட்டி. ஏறுகிற வண்டிகள் அங்கே நிற்கும். மாட்டுக்குத் தண்ணீர், ஆளுக்கு ராகிக் களியும் மொச்சைக் குழம்பும் கருப்பட்டிக் காப்பியும். ஊற்று இருந்தால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் அவர் பிழைப்பார். அவ்வளவுதான்.

எஸ்டேட்டுக்கும் அந்த ஊற்று வேண்டும். பக்கத்தில் புதிதாகத் தேயிலை நாற்றுப் போட இடம் வெட்டியிருந்தார்கள். கோடு ஊற்றுக்குக் கீழே போனால் அம்மாள் இருப்பார். மேலே போனால் எஸ்டேட் வேலி போடும், அவர் கிளம்ப வேண்டும். இதை எங்களுக்குச் சொன்னது எஸ்டேட் மேஸ்திரிதான். ஒளித்து வைக்கவில்லை.

"எனக்கென்னுங்க" என்றார். "கோடு எங்க உழுகுதோ அங்க நான் முள்ளுக்கம்பி இழுக்கறேன். துரை கேட்டா சர்வேயர் கையக் காட்டுவேன். அந்தம்மா கேட்டாலும் சர்வேயர் கையத்தான் காட்டுவேன்."

அளக்கிற நாளில் ஊர் சார்பில் ஒரு கவுடர் வந்தார். நாற்பது வயது இருக்கும். ஒல்லி. அந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு. கல் இல்லாத எல்லையைக் காட்டுகிறவர் முதல் நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடக் கூடாது. உச்சிக் கல்லடியில் புல்லோடு ஒரு கட்டி மண் வெட்டித் தலையில் வைத்துக்கொள்வார். தலைப்பாகை கிடையாது, செருப்பு கிடையாது. எல்லையோடு நடந்து திருப்பத்தில் அந்தக் கட்டியை இறக்கி வைப்பார். அது வரை அவர் பேச மாட்டார். கூட வருகிற யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அவர் மறுபடி உச்சிக்குப் போய் வேறு மண் வெட்ட வேண்டும். பொய்யாக நடந்தால் அந்த மண்ணே அவரைத் தின்னும் என்பார்கள்.

சர்வேயர் யோசித்தார். "கூப்பிடாம எப்படி அளக்கிறது?"

முன்முனைக்காரன், "கையக் காட்டிக்கிறோம் சார்" என்றான். என் பக்கம் திரும்பி, "மாப்ளே, நான் பேச்ச நிறுத்தணும்னு எம்பொண்டாட்டி கேட்ட துவா இன்னைக்குப் பலிச்சுருச்சு. நான் வாயை மூடப் போறேன்" என்றான்.

அதுதான் நாங்கள் செய்த தப்பு. அன்றைக்கு அது தப்பாகத் தெரியவில்லை.

கவுடர் மண்ணைத் தலையில் ஏற்றினார். சிரித்துக்கொண்டிருந்த மேஸ்திரியும் நிமிர்ந்து நின்றார். நடந்தோம். அவர் வேகமாகவும் போகவில்லை, மெதுவாகவும் போகவில்லை. கழுத்து அசையவில்லை. ஈர மண் கரைந்து நெற்றி வழியாக மூக்கில் இறங்கியது. துடைக்கவில்லை. எனக்கு அவர் காலைப் பார்த்துக்கொண்டே போகத் தோன்றியது. மேலே பார்க்காமல், கீழே பார்க்காமல், அந்தக் காலுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் பத்து ஆயிற்று. அம்புகளைக் கொடுத்தேன். இரண்டாவது பத்து ஆயிற்று. கொடுத்தேன். பிறகு பனி இறங்கியது. முன்னால் இருப்பவன் மறைந்தான். சங்கிலி மட்டும் பனிக்குள் போயிற்று. இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்தால் அம்பு குத்தியாயிற்று என்று அர்த்தம் வைத்துக்கொண்டோம். இடுப்புயரப் பெரணிப் புதர் வந்தது. சரிவு. சரிவில் சங்கிலியைத் தரையில் போட்டு அளக்கக் கூடாது, மட்டமாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு கையில் சங்கிலி, ஒரு கையில் அம்பு, காலில் அட்டை. நான் அட்டையைப் பிய்த்தேன். அது நினைவிருக்கிறது. மற்றது நினைவில்லை.

கவுடர் நின்றார். முட்டி போட்டு மண்ணை இறக்கினார். புல் மேலே இருக்கும்படி வைத்து, இரண்டு கையாலும் அழுத்தினார். எழுந்து, "இங்கீங்க" என்றார். குரல் கரகரத்தது.

கடைசி அம்பைப் பிடுங்கி எண்ணிச் சொன்னேன். ஆறு. சர்வேயர் இருபத்தாறு சங்கிலி, பன்னிரண்டு கண்ணி என்று எழுதினார். பனியில் அவருக்குத் தன் மப்ளர் தவிர எதுவும் தெரிந்திருக்காது. எங்கள் கட்சிக்கு, அதாவது எங்கள் அளவைக் குழுவுக்கு, எல்லைக்கோடு மட்டும்தான் வேலை. உள்ளே வீடு, ஊற்று, மரம் எல்லாம் குறிக்க வேறு கட்சி பின்னால் வரும். மத்தியானத்துக்கு மேல் ஓடை வரை மிச்சத்தையும் அளந்து முடித்தோம்.

சாயங்காலம் கூடாரத்தில் அம்புகளை எண்ணிக் கட்டும்போது ஒன்பதுதான் இருந்தது. வரும் வழியில் விழுந்திருக்கும் என்றான் முன்முனைக்காரன். வழியெல்லாம் புதர். விழுவது சகஜம். சொன்னால் திட்டு விழும். குன்னூரில் ஒரு கொல்லனிடம் புதிதாக ஒன்று அடித்துச் சேர்த்துவிட்டோம். சிவப்புத் துணி முன்முனைக்காரன் வீட்டுக் கடையில் கிடைத்தது.

மழைக்காலம் போயிற்று. படம் ஊட்டி ஆபீசுக்குப் போய்த் திரும்பி வந்தது. இனி படத்தில் இருக்கிறபடி கல் நட வேண்டும். அதே கட்சி போனோம். உச்சிக் கல்லிலிருந்து மறுபடி சங்கிலி இழுத்தோம். இந்தத் தடவை மண் இல்லை. தொண்டை கிழியக் கூப்பிட்டோம். இருபத்தாறு சங்கிலி, பன்னிரண்டு கண்ணி. சர்வேயர் குச்சியை ஊன்றினார். "தோண்டுங்க" என்றார்.

வெயில் பளிச்சென்று இருந்தது. குச்சிக்குக் கீழே குடிசைக் கூரை தெரிந்தது. அதற்கும் கீழே ஊற்று.

கவுடர் அன்றும் வந்திருந்தார். குச்சியைப் பார்த்தார். "இங்க இல்லீங்க" என்றார். "ஊத்துக்குக் கீழ. நான் மண்ணை எறக்குனது ஊத்துக்குக் கீழ."

"எங்கே இறக்கினீர், காட்டும்" என்றார் சர்வேயர்.

கவுடர் இறங்கிப் போனார். நாங்களும் போனோம். ஊற்றைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கி அவர் நின்றார். மழை பெய்து எங்கும் புல். புல்லுக்குள் ஒரு புல்கட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் குனிந்து கையால் தடவிப் பார்த்தார். நகர்ந்து நகர்ந்து தடவினார். எழுந்தார்.

மேஸ்திரி சொன்னார்: "பட்டினியா நடந்தீங்க. கனம் தாங்காம ரெண்டு எட்டு முன்னாடியே எறக்கிட்டீங்களாட்ட இருக்குது கவுடரே. மண்ணுக்கென்ன, எங்க வெச்சாலும் உக்காந்துக்கும்."

கவுடர் கையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டார்.

அதற்குள் அம்மாள் கரண்டியோடு மேலே வந்துவிட்டார். குச்சியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், சர்வேயரைப் பார்த்தார்.

"ஏனுங்க, எந்தலைக்கு மேலயே குச்சி ஊனியிருக்கறீங்க? அப்ப நான் எங்கீங்க இருக்கறேன்?"

"எஸ்டேட்டிலே இருக்கீங்கம்மா. படம் அப்படிச் சொல்றது."

"படம் எங்கிட்டச் சாப்புடலைங்களே. இவிங்க ரெண்டு பேரும் சாப்புட்டாங்க." எங்களைக் காட்டினார். "பனியன்னைக்குக் களி திங்க வந்தாங்க. கீழருந்து ஏறி வந்தாங்க. மேலருந்து எறங்கி வர்லீங்க. தொட்டியில காலைக் களுவுனாங்க, கால்ல அட்டை. கேட்டுப் பாருங்க."

சர்வேயர் எங்களைப் பார்த்தார். முன்முனைக்காரன் வானத்தைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"ஞாபகத்தைப் படத்துல போட முடியாதும்மா" என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையிலே கல் நடணும். நீங்க சாமானை எடுக்க எஸ்டேட்டுல தவணை கேட்டு நான் எழுதித் தரேன்."

அம்மாள் அழவில்லை. கரண்டியைத் திருப்பிப் பிடித்தார். "அடுப்புல கொளம்பு இருக்குது" என்று சொல்லி இறங்கிப் போனார்.

நான் அன்று மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். அம்மாள் சொன்னது சரியா என்று என் முழங்காலைக் கேட்டேன். பனியில் புகை வாசம் வந்தது. புகையை நோக்கிப் போனோம். ஏறினோமா, இறங்கினோமா? ஏறினோம். மூச்சு வாங்கியது. முன்முனைக்காரன் களிக்கு இவ்வளவு ஏற வேண்டுமா என்று புலம்பினான். வாய் திறக்க விட்டதும் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அப்படியென்றால் திருப்பம் கீழே. கோடு மேலே வந்தது எப்படி? குச்சியிலிருந்து கவுடர் நின்ற இடம் வரைக்கும் எட்டு வைத்துப் பார்த்தேன். கயிற்றை மட்டமாகப் பிடித்தும் பார்த்தேன். ஒரு சங்கிலி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வேறு அளவாக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். சரியாக ஒரு சங்கிலி என்பது சங்கிலிக்காரன் மட்டும் செய்யக்கூடிய தப்பு.

முன்முனைக்காரனிடம் போனேன். ஒரு பாறையில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு முடிஞ்சப்ப உங்கையில எத்தனை அம்பு மிச்சம்?"

"எதுக்கு?"

"சொல்லு."

"மூணு."

என் கையில் ஆறு. அவன் கையில் மூன்று. முடிந்த இடத்திலேயே ஒன்பதுதான் இருந்தது. வரும் வழியில் எதுவும் விழவில்லை. பெரணிப் புதரில் ஓர் அம்பை நான் பிடுங்காமல் விட்டிருக்க வேண்டும், இல்லை பிடுங்கி நழுவ விட்டிருக்க வேண்டும். எது என்று இன்று வரை தெரியாது.

அவனுக்கும் புரிந்துவிட்டது. பீடியை அணைத்தான்.

"மாப்ளே, வாயை மூடிக்க. படம் ஊட்டிக்குப் போயி சீல் அடிச்சு வந்துருச்சு. இப்பப் போயிச் சொன்னா ரெண்டு பேரு வேலையும் போகும். உனக்குப் புள்ளை இருக்கு."

"அந்தம்மா?"

"அந்தம்மாக்கு வேற ஊத்து கெடைக்கும்."

"வண்டிப் பாதையிலயா?"

அவன் அணைத்த பீடியைக் காதில் செருகினான்.

அவனுக்குக் கொஞ்சம் தள்ளிக் கவுடர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசியது கேட்டிருக்காது. தன் இரண்டு பாதத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டும்போது, "தம்பி" என்றார். "அன்னைக்கு எனக்குத் தல கிறுகிறுத்துச்சுங்க. நாந்தான் மேலயே எறக்கிட்டேனோ என்னமோ."

"இல்லீங்க" என்றேன்.

"உங்களுக்கெப்படித் தெரியும்?"

நடந்தேன். அவர் கால் தப்பவில்லை என்று எனக்குத் தெரியும். காகிதத்தை நம்பி அவரே தன் காலைச் சந்தேகப்படுகிறார். காகிதம் என் கையிலிருந்து போனது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

சர்வேயர் கூடாரத்து வாசலில் வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரில் நின்றேன்.

"என்னய்யா?"

"அன்னைக்கு ஒரு அம்பு தொலைஞ்சு போச்சுங்க."

"எந்த அன்னைக்கு?"

"மண்ணு தூக்குன அன்னைக்குங்க. வழியில தொலையலீங்க. கோட்டுலயே தொலைஞ்சுது. இருபத்தாறு இல்லீங்க. இருபத்தேழு."

அவர் காலை வெந்நீரிலிருந்து எடுக்கவில்லை. நான் எத்தனை அம்பு யார் கையில் என்று சொன்னேன். கொல்லனிடம் ஒன்று அடித்துக்கொண்டதையும் சொன்னேன்.

"ஏன்யா, எண்ணைக் கூப்பிடறது எதுக்குன்னு நினைச்சே? பாட்டா அது?"

"மண்ணு தலையில இருந்துதுங்க."

"நான்தான் சரின்னேன்" என்றார். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல் பேசினார். எல்லையைச் சுற்றி அளந்து வந்தால் தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர வேண்டுமாம். இந்த எல்லை சேரவில்லை. கொஞ்சம் விலகி நின்றது. ஊட்டி ஆபீசில் ஒருவர் கேட்டாராம். பனியில், சரிவில் அளந்தது என்று இவர் சமாதானம் சொல்லி, விலகலை மற்றக் கோடுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சேர்த்துவிட்டாராம்.

"அப்படிச் செய்யலாமுங்களா?" நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"சின்னதா இருந்தா செய்யலாம். இது சின்னதில்லைன்னு எனக்கும் ஒரு நினைப்பு இருந்தது." துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். "நாளைக்குக் காலையிலே மறுபடி இழுப்போம். உன் பேரை எழுத வேண்டியிருக்கும். என் பேரையும்."

"எழுதுங்க" என்றேன்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இருபத்தேழு வந்தாலும் அதுதான் சரியென்று எதை வைத்துச் சொல்வார்? படம் இருபத்தாறு என்கிறது. மண் புல்லோடு புல்லாகப் போய்விட்டது. கேட்டேன். ஓடையில் எல்லை முடிகிற இடத்தில் ஒரு பழைய கல் இருக்கிறது, அதிலிருந்து இந்தப் பக்கம் எதிராக அளந்து வந்தால் எங்கே முட்டுகிறதோ அதுதான் திருப்பம் என்றார். உச்சியிலிருந்து ஒரு கோடு, ஓடையிலிருந்து ஒரு கோடு. இரண்டும் சந்திக்க வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. யார் பேச்சும் வேண்டியதில்லை.

மறுநாள் காலை எல்லோரும் வந்துவிட்டார்கள். செய்தி எப்படிப் போயிற்றோ. கீழே மூன்று வண்டி நின்றது. வண்டிக்காரர்கள் மாட்டை அவிழ்த்துவிட்டுத் தொட்டிச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரி ஒரு குடையோடு வந்தார். அம்மாள் வரவில்லை. குடிசைக் கூரையிலிருந்து புகை வந்தது.

முன்முனைக்காரன் என்னோடு பேசவில்லை. ஆனால் உச்சிக் கல்லில் அம்பை வாங்கியதும் என் முகத்துக்கு எதிரில் பத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினான். நடந்தான். "ஒண்ணு" என்று கத்தினான். "ஒண்ணு" என்றேன். அன்று கூப்பிட்டதுபோல் நாங்கள் எப்போதும் கூப்பிட்டதில்லை. எதிர் மலையில் தேயிலை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கேலியாகத் திருப்பிக் கத்தினார்கள். இருபதுக்கு மேல் கீழே இருந்த வண்டிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். இருபத்தாறு முந்தின நாள் ஊன்றிய குச்சிக்குப் பன்னிரண்டு கண்ணி மேலே விழுந்தது. இருபத்தேழு ஊற்றைத் தாண்டியது. பன்னிரண்டு கண்ணி இறங்கிச் சர்வேயர் புதுக் குச்சியை ஊன்றினார்.

பிறகு ஓடையிலிருந்து எதிராக இழுத்து வந்தோம். அந்தக் கோடு புதுக் குச்சிக்கு ஒரு சாண் தள்ளி முடிந்தது.

"ஒரு சாண் யாருக்குங்க?" என்றார் மேஸ்திரி.

"கல்லோட தடிமனுக்குச் சரியாப் போச்சு" என்றார் சர்வேயர்.

கவுடர் குச்சிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். காலால் புல்லை லேசாகத் தட்டினார். அவ்வளவுதான். கல் இறங்கும்போது மண்ணைத் தள்ளி மூடியவர் அவர்தான்.

ஊற்று மேலே. குடிசை மேலே. ஆனால் மாட்டுக் கொட்டாய் கீழ்ப்பக்கம் நீண்டிருந்தது. அதன் நான்கு தூணில் இரண்டு கோட்டுக்குக் கீழே நின்றது. மேஸ்திரி குடையால் அதைத் தட்டினார்.

"சரி, ஊத்து உங்களுது. இந்த ரெண்டு தூணு எங்களுது. கல்லு சொல்லுதுங்க, நான் சொல்லல."

அப்போதுதான் அம்மாள் வெளியே வந்தார். கல்லைப் பார்த்தார். கையால் கல்லின் தலையைத் தொட்டுப் பார்த்தார். தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார்.

"உங்க துரை அதுல மாடு கட்டப் போறாருங்களா?"

"அவரு குதிரைதான் வெச்சிருக்கறாரு."

"அப்ப அவருக்கு எதுக்குத் தூணு. இன்னைக்கே பேத்துக்கறேன். நாளைக்கு வந்து முள்ளுக்கம்பிய இழுங்க."

மேஸ்திரி சிரித்தார். "நாளைக்கு வாரேம்மா. காப்பி இருக்குமில்லீங்க?"

"தண்ணி இங்கதான இருக்குது. இருக்கும்."

வண்டிக்காரர்கள் எழுந்தார்கள். ஒருவன் கடப்பாரை கொண்டுவந்தான். கூரையைப் பிரிக்கத் தொடங்கினார்கள். சர்வேயர் பாறையில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் வைத்து எழுதினார். நான் பின்முனையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவர் நிமிராமல் சொன்னார்:

"இனிமே நீ சங்கிலி பிடிக்க வேண்டாம்யா. கல் தூக்கற ஆட்களோட போ. வேலை போகாது. அது மட்டும்தான் என்னால முடிஞ்சது."

சரிங்க என்றேன். சங்கிலியை முன்முனைக்காரனிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். "யாரு இனிமே பின்னாடி வருவான்னு தெரியல. ஊமையா வந்து சேரப் போறான்" என்றான்.

அம்மாள் அடுப்பிலிருந்து குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். நான்தான் அம்பைத் தொலைத்தவன் என்று அதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அது?"

"ஆமாங்க்கா."

"கல்லு தூக்கற வேலையா உங்களுக்கு?"

"ஆமாங்க்கா."

"அப்ப தூணுல பளகிக்கங்க" என்றார். "அந்தக் கடைசித் தூணை நீங்க தூக்கியாங்க. மலையேற மாடு ரெண்டு சோடி வருது. மத்தியானத்துக்குள்ள கட்ட எடம் வேணும்."

தூண் ஈட்டி மரம். கனம். தோளில் ஏற்றிக்கொண்டு கல்லைத் தாண்டி மேலே ஏறினேன். பத்து எட்டு வைக்க வேண்டியிருந்தது. அவர் குழி வெட்டக் காட்டிய இடத்தில் ஏற்கெனவே ஒருவன் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தான். தூணை நிறுத்திப் பிடித்தேன். அம்மாள் சுற்றி வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"இன்னுங்கொஞ்சம் தொட்டிப் பக்கமாத் தள்ளுங்க" என்றார். தள்ளினேன்.